ஹெலிகாப்டருக்கு ஒரு சாவி

பெரியவளே, சின்னவளே, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருத்தி படித்துவிட்டு இன்னொருத்திக்கு வாயால் சொல்லக் கூடாது. சொல்லும்போது கதை மாறிவிடுகிறது. அப்படி மாறிப்போன ஒரு கதையைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பட்டறையில் வண்டியில் ஒட்டி வைக்கும் சீட்டுத்தான். ‘முன் பிரேக் சத்தம், ஹாரன் இல்லை, கிளட்ச் கேபிள்.’ இதுவும் அந்த மாதிரிதான் இருக்கும். என்ன பழுது, எங்கே பழுது, யார் கையால் வந்த பழுது. அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கண்மாய்க்குள் இருந்தோம். தண்ணீர் வற்றி, தரை பாளமாக வெடித்துக் கிடந்தது. பெரியவள் ரிமோட்டில் பறக்கும் நம் சின்ன ஹெலிகாப்டரை இறக்கி முடித்திருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று வண்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசியது எனக்குக் கேட்காது என்று நினைத்தீர்கள்.

"அக்கா, அப்பாகிட்ட இருக்கிறதுல எது டேஞ்சர்? எண்ணெய் ஊத்துறதா, கரண்டா?" என்று சின்னவள் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணும் பண்ணாதுடி. தெரியாதவங்க ரிமோட்டத் தொடக் கூடாது, அம்புட்டுத்தான். அம்மா தெரியாமக் குங்குமம் வச்சாங்கள்ல, அதான் என் விரல் இப்பிடி ஆச்சு" என்று பெரியவள் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள்.

என் கையில் இருந்த கயிறு அப்படியே நின்றது. சின்னவளும் இந்த வருஷம் பறக்கவிடக் கற்றுக்கொள்ளப் போகிறாள். அவள் கற்ற முதல் பாடமே தப்பு. அந்தத் தப்புப் பாடத்தை நாலு வருஷமாக வீட்டில் உலவவிட்டவன் நான். ‘தெரிந்தவன் தொட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற நினைப்போடு அவள் அந்த இறக்கைக்குப் பக்கத்தில் கை நீட்டக் கூடாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த இரண்டு ஹெலிகாப்டர்களும் நம் வீட்டுக்கு வந்தது ஒரு சார் மூலமாக. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். தன் ஸ்கூட்டரை நம் பட்டறையில்தான் விடுவார். ஒருநாள் ஸ்கூட்டரோடு ஒரு நீளப் பையையும் கொண்டுவந்தார். உள்ளே முழங்கை நீளத்துக்கும் மேலே ஒரு ஹெலிகாப்டர். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் இன்ஜின்.

"அண்ணே, இதுவும் டூ ஸ்ட்ரோக்குதான். கிளம்ப மாட்டேங்குது. உங்க கைக்குப் புடிபடும்."

"சார், இதுக்குள்ள என் சுண்டுவிரலே நுழையாது. நான் எங்கிட்டுப் போய்ப் பாக்குறது?"

ஆனாலும் பார்த்தேன். கார்புரேட்டரில் தூசி. கடுகு அளவு ஓட்டை, அதை ஊதிவிட்டதும் கிளம்பிவிட்டது. கிளம்பிய சத்தத்தில் எதிர்க் கடை டீ மாஸ்டர் வடைக் கரண்டியோடு ஓடிவந்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சார் என்னையும் கண்மாய்க்குக் கூட்டிப்போவார். யானைமலையைப் பார்த்து நின்றுகொண்டு இரண்டு பேரும் பறக்கவிடுவோம். வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த எனக்கு, பிரித்துப் பூட்டிய ஒன்று தலைக்கு மேலே நிற்பதைப் பார்க்கப் பைத்தியம் பிடித்தது போல இருந்தது.

எண்ணெய் ஹெலிகாப்டரைக் கிளப்புவது லேசான வேலை இல்லை. அதில் ஊற்றுவது பெட்ரோல் அல்ல. சாராயம் மாதிரி மணக்கும் ஒரு திரவத்தில் விளக்கெண்ணெய் கலந்தது. குடித்தால் கண் போய்விடும், தோலில் பட்டாலும் உடனே கழுவ வேண்டும் என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். டேங்க்கை நிரப்ப வேண்டும். பிளக்கில் தனியாக ஒரு சின்ன பேட்டரியை மாட்டி உள்ளே இருக்கும் கம்பியைச் சிவக்கவைக்க வேண்டும். அப்புறம் ஒரு கையால் ஹெலிகாப்டரின் தலையை, அதாவது இறக்கைகள் சேரும் இடத்தை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஸ்டார்ட்டரை வைத்துச் சுற்ற வேண்டும். இத்தனையும் சரியாக நடந்தால்தான் அது வாயைத் திறக்கும். திறந்த பிறகு மூடாது. கத்திக்கொண்டே இருக்கும்.

"தலைய விட்ராதீங்கண்ணே. ஆக்சிலேட்டர் கூட இருந்தா உங்க கையோட சேத்துச் சுத்தும்" என்பார் சார். ஒரு தடவை அப்படித்தான் ஆனது. கத்திய கத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. கைக்குள் அந்தத் தலை முறுக்கிக்கொண்டு திமிறியது. சார் குனிந்து டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை இரண்டு விரலால் நசுக்கினார். எண்ணெய் போவது நின்றதும் இன்ஜின் செத்தது. "இதை மட்டும் மறக்காதீங்க. என்ன ஆனாலும் மொதல்ல குழாய நசுக்கணும்."

நான் மறக்கவில்லை. அதுதான் பின்னால் வினையாக வந்தது.

இன்னொரு தடவை மத்தியான வெயிலில் எண்ணெய் கீழே சிந்திவிட்டது. பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியை நான் பக்கத்தில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தரையில் கிடந்த காய்ந்த கோரைப்புல் தானாகச் சுருண்டது. புகை இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. என் துடைக்கும் துணி ஓரத்தில் கருத்துக்கொண்டே வந்தபோதுதான் சார் கத்தினார்: "அண்ணே, எரியுது! மண்ணள்ளிப் போடுங்க!" வெயிலில் அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது. இரண்டு பேரும் மண்ணை வாரி வாரி இறைத்தோம். எங்கே எரிகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் இறைத்தோம். அன்றைக்கு என் கணுக்காலில் முடி முழுக்கப் பொசுங்கியது.

அதனால்தான் சாரிடம் இருந்த இன்னொன்று, பேட்டரியில் ஓடும் கரண்ட் ஹெலிகாப்டர், வந்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. சார் வேலை மாறி ஊரைவிட்டுப் போகும்போது, "ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்கண்ணே, அங்க எனக்கு எடம் இல்ல" என்று கொடுத்துவிட்டுப் போனார். கரண்ட் ஹெலிகாப்டரில் எண்ணெய் இல்லை, நாற்றம் இல்லை, சுடும் சைலன்சர் இல்லை. பேட்டரியை மாட்டினால் கிளம்பும், கழற்றினால் நிற்கும்.

உங்கள் அம்மா கேட்டாள்: "புள்ளைக இருக்கிற வீடு. இது என்ன பண்ணும்?"

"இது சாதுடி. பூனைக்குட்டி மாதிரி. சத்தம் கூடப் போடாது."

இந்த வார்த்தையை நான் சொன்னேன். என் வார்த்தையை நம்பித்தான் அவள் அதைப் பட்டறைக்கு மேலே மாடியில் இருக்கும் வீட்டுக்குள் விட்டாள். பெரியவள் அப்போது ஆறாவது படித்தாள். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு அதைத் தூக்கி நிறுத்தப் பழகிவிட்டாள். அவளுக்குக் கை வந்தது போல எனக்கே வரவில்லை.

நான் கவனமாக இல்லாமல் இல்லை. அதன் பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கும் என்று தெரியும். அதனால் மணல் கொட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுவேன், பக்கத்தை விட்டு நகர மாட்டேன். பேட்டரிக்குப் பயந்தேன். அது சத்தம் போடாமல் இருப்பதற்கு மட்டும் பயப்படவில்லை. எங்கள் தொழிலில் இன்ஜின் சத்தம் நின்றால் வண்டி நின்றது என்று அர்த்தம். இருபது வருஷமாக என் காதுக்கு அதுதான் பாடம்.

ஆயுத பூஜை நம் பட்டறையில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சாக்கு விரித்து அளவுப்படி அடுக்குவேன். கம்ப்ரசர், கிரைண்டர், வைஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. நடுவில் பொரி, கடலை, குங்குமம் தடவிய பூசணிக்காய். கும்பிட்டு முடித்ததும் எல்லா இயந்திரத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். கம்ப்ரசரைக் கொஞ்ச நேரம், கிரைண்டரை ஒரு சுற்று, வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல். கும்பிட்ட கையோடு எது கிளம்பாமல் நிற்கிறதோ அது வருஷம் முழுக்க மக்கர் பண்ணும் என்று எனக்குள் ஒரு பயம்.

அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் முன்னாலேயே தயாராக வைத்துவிடுவேன். வண்டிகளில் சாவியைச் சொருகி வைப்பேன். கிரைண்டருக்குப் பிளக்கை மாட்டி வைப்பேன். அதே நினைப்பில் அந்த வருஷம் ரிமோட்டைப் போட்டுவிட்டு, கரண்ட் ஹெலிகாப்டருக்குப் பேட்டரியையும் மாட்டினேன். அது பீப் பீப் என்றது. மூக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. சாமான்களுக்கு நடுவில் அது பார்க்க அழகாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"என்னாங்க இது, கோழிக்குஞ்சு மாதிரிக் கத்துது?" என்றாள் அம்மா.

"ரெடியா இருக்கேன்னு சொல்லுது."

பெருமையாகத்தான் சொன்னேன். ரிமோட்டின் மேலே ஹோல்ட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டு வைத்தால் குச்சியை எப்படித் தள்ளினாலும் மோட்டார் சுற்றாது. சார் காட்டிக்கொடுத்திருந்தார். அன்றைக்கு நான் அதைப் போடவில்லை. எப்படியும் கும்பிட்டதும் ஓட்டத்தானே போகிறோம் என்று நினைத்தேன்.

ரிமோட்டைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தேன். அதில் இரண்டு குச்சிகள். வலது குச்சியைத் தள்ளிவிட்டால் ஸ்பிரிங்கில் நடுவுக்குத் திரும்பி வந்துவிடும். இடது குச்சிதான் ஆக்சிலேட்டர். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. விட்ட இடத்தில் நிற்கும்.

நான் முன்னால் சந்தனம் வைத்துக்கொண்டு போனேன். நாலைந்து சாமான் பின்னால் அம்மா குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். பெரியவள் செவ்வந்திச் சரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் சுற்றினாள். சின்னவள் பாயில் உட்கார்ந்து, கும்பிடுவதற்கு முன்பே பொரியைத் தின்றுகொண்டிருந்தாள். உனக்கு நினைவு இருக்காது.

மேலே ஃபேன் ஓடியது. அதன் காற்றுக்குக் கரண்ட் ஹெலிகாப்டரின் இறக்கை காலையிலிருந்தே மெல்லச் சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. "காத்துக்கே சுத்துதுப்பா, பாருங்க" என்று பெரியவள் முன்பே ஒரு தடவை சொல்லிச் சிரித்திருந்தாள்.

இறக்கை மோட்டாரில் திடீரென்று பிய்த்துக்கொண்டு கிளம்பாமல், முதலில் மெதுவாகச் சுற்றி அப்புறம் வேகம் எடுக்கட்டும் என்று நானேதான் செட் பண்ணி வைத்திருந்தேன். பாதுகாப்புக்காகச் செய்தது. அந்த மெதுவுதான் அன்றைக்கு நம்மை ஏமாற்றியது. பெரியவள் ஹெலிகாப்டரின் தலையில் பூவைச் சுற்றும்போது இறக்கை அசைந்தது. ஃபேன் காற்று என்று நினைத்து அவள் கையை எடுக்கவில்லை.

"அப்பா, பூவ இழுக்குதுப்பா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் திரும்பினேன். செவ்வந்திச் சரம் கிறுகிறுவென்று தண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. சரத்தின் மறு நுனி அவள் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நான் பாய்ந்தேன். பாய்ந்து என்ன செய்தேன் தெரியுமா? குழாயை நசுக்கக் கை நீட்டினேன். என் இரண்டு விரல்களும் அந்த ஹெலிகாப்டரின் விலாவில் ரப்பர் குழாயைத் தேடின. அங்கே குழாய் இல்லை. கரண்ட் ஹெலிகாப்டரில் ஏது குழாய்? என் கைக்கு அது தெரியவில்லை. ரிமோட் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. ஒரு நொடியோ இரண்டு நொடியோ, நான் இல்லாத குழாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரியவளே, அம்மா குங்குமக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு உன் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சரம் அறுந்தது. நீ மல்லாந்து விழுந்தாய். அந்த இடத்தில் இறக்கை சுற்றியது, உன் முகம் அங்கே இல்லை. விரல் நுனி மட்டும் மாட்டியது. என் இடது மணிக்கட்டின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு ஹெலிகாப்டர் சாக்கின் மேல் குடிகாரனைப் போலத் தள்ளாடி நடந்து, பூசணிக்காயில் மோதியதும் இறக்கை இரண்டும் தெறித்தன. முழு வேகத்தில் அதுவும் சத்தம் போடத்தான் செய்தது. ஆனால் அந்தச் சத்தம் வரும்போது வேலை முடிந்திருந்தது. எண்ணெய் ஹெலிகாப்டர் கடிப்பதற்கு முன்னால் குரைக்கும். இது கடித்த பிறகுதான் குரைத்தது.

அதற்குப் பின்தான் நான் இடது குச்சியைக் கீழே இறக்கிப் பேட்டரியைப் பிடுங்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தையல் போட்டுக்கொண்டே எப்படி ஆனது என்று கேட்டார். "சாமி கும்பிடையில ஹெலிகாப்டர் கிளம்பிருச்சு சார்" என்றாள் அம்மா. டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "சின்ன ஹெலிகாப்டர்தான் சார்" என்றாள். அப்புறம் அழுதுகொண்டே, "நான்தான் பின்னாடி குங்குமம் வச்சுக்கிட்டு வந்தேன். என் கைதான் பட்டிருக்கும்" என்றாள்.

அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பொய் இல்லை. பொய் மறுநாள்தான் தொடங்கியது.

மறுநாள் காலையில் பட்டறையைக் கழுவி விடுவதற்காகச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ரிமோட் கையில் வந்தது. இடது குச்சியின் நுனியில் சந்தனம் காய்ந்திருந்தது. கீழிருந்து மேலே இழுத்த கோடு. நாம் யாரும் மேலிருந்து கீழே இழுத்துப் பொட்டு வைப்பதில்லை. நம் கை மேல்நோக்கித்தான் போகும். குச்சியும் கையோடு மேலே போயிருக்கிறது, ஸ்பிரிங் இல்லாததால் அங்கேயே நின்றிருக்கிறது. வலது குச்சியிலும் சந்தனம் இருந்தது. இரண்டிலும் குங்குமம் இல்லை. கரண்ட் ஹெலிகாப்டரிலும் குங்குமம் இல்லை. அம்மாவின் குங்குமம் அதற்கு முன்னால் இருந்த எண்ணெய் ஹெலிகாப்டரோடு நின்றிருந்தது. அவள் ரிமோட்டை வந்து தொடவே இல்லை.

நான் வேஸ்ட் துணியை எடுத்து அந்தச் சந்தனத்தைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று கேட்டால், அழுக்கை எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் கொட்டாம்பட்டியிலிருந்து உங்கள் மாமா உன்னைப் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா?

"மாப்ள, திருஷ்டிப் பூசணிய நாமதான் ரோட்டுல போட்டு ஒடைப்போம். உங்க வீட்ல ஹெலிகாப்டரே பறந்து வந்து ஒடைச்சுக் குடுக்குதே!"

அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ குங்குமம் வச்சதுக்கே இம்புட்டு வேகமாக் கிளம்பிருச்சே, ஊருல நம்ம டிராக்டரு ஒரு மாசமாப் படுத்துக் கெடக்கு. ஒரு நடை வந்து பொட்டு வச்சுட்டுப் போ."

நீ கட்டுப்போட்ட விரலோடு சிரித்தாய். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். ‘மச்சான், அவ இல்ல, நான்தான்’ என்று நாலு வார்த்தை. சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தக் கதை வந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாதான் குங்குமம் வைத்தாள், ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன்.

ஒரு வருஷம் இரண்டு ஹெலிகாப்டரும் பரணில் கிடந்தன. பிறகு ஒருநாள் பெரியவள் வந்து நின்றாள். "அப்பா, நான் திரும்பப் பறக்கவிடணும். ரிமோட்டுக்குக் கட்டைவிரல்தானே வேணும். ஆள்காட்டி விரல் நுனி மரத்துப் போனா என்ன?"

அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். முடியாது என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "டூவீலருக்குச் சாவி இருக்கு. பீரோவுக்குச் சாவி இருக்கு. இம்புட்டுப் பெரிய கத்திக்குச் சாவி எங்கங்க?"

இருபது வருஷம் வண்டி பார்த்தவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அன்றைக்கே உட்கார்ந்தேன். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் சிவப்பு வயரை வெட்டினேன். வெட்டிய இரண்டு முனையிலும் ஒரு சாக்கெட் வைத்தேன். அந்தச் சாக்கெட்டில் சொருகினால் மட்டும் வயர் சேரும்படி தடித்த வயரில் ஒரு வளையம் செய்து, அதை ஒரு பழைய ஸ்கூட்டர் சாவி வளையத்தில் கோத்தேன். அதுதான் சாவி. சொருகினால் ஹெலிகாப்டருக்கு உயிர் உண்டு. பிடுங்கினால் பேட்டரி மாட்டியிருந்தாலும், குச்சி எங்கே நின்றாலும் அது வெறும் தகரம். நம் வீட்டுச் சட்டமும் அன்றைக்கே வந்தது. இறக்கைக்குப் பக்கத்தில் யார் போகிறார்களோ அவர்கள் பையில்தான் சாவி இருக்க வேண்டும். தரையில் கொண்டுபோய் வைத்து, எல்லோரும் தள்ளி வந்த பிறகு கடைசி ஆள் சாவியைப் போட வேண்டும். இறங்கியதும் முதல் வேலை சாவியை எடுப்பது. அப்பா என்றாலும் அதேதான்.

சின்னவளே, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். எது டேஞ்சர்? எண்ணெய் ஹெலிகாப்டர் சுடும், விஷம் வைத்திருக்கும், வெயிலில் தெரியாத நெருப்பைக் கொட்டும். ஆனால் அதைத் தெரியாமல் கிளப்ப முடியாது. கிளம்பினால் தெருவுக்கே தெரியும். கரண்ட் ஹெலிகாப்டரில் சூடும் இல்லை, நாற்றமும் இல்லை. பேட்டரியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் கற்றுக்கொள்ள அதுதான் நல்லது. நீ அதில்தான் தொடங்கப் போகிறாய். ஆனால் அதைக் கிளப்ப ஒரு பொட்டு வைக்கும் விரல் போதும். இறக்கை இரண்டிலும் ஒன்றுதான். எண்ணெயில் சுற்றினாலும் கரண்டில் சுற்றினாலும் வெட்டுவது அதுதான். ஒன்றில் கற்ற பழக்கத்தை இன்னொன்றில் கொண்டுபோனால், ஆபத்து நேரத்தில் கை இல்லாத குழாயைத் தேடும்.

இன்னொன்று. அன்றைக்குத் தெரியாதவர்கள் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. தெரிந்தவன்தான் தொட்டான். தெரிந்தவன் என்பதால்தான் ஹோல்ட் சுவிட்சைப் போடாமல் விட்டான். இதை நீங்கள் இரண்டு பேரும் மனப்பாடம் பண்ண வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சந்தனக் கோட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை. முடித்ததும் நின்றது.

"நாலு வருஷமா எங்கண்ணன் என்னைய ஓட்டுனான். நீங்களும் சேந்து சிரிச்சீங்க."

"ஆமா."

"நான் எம்புட்டு நாளு என் கையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "புள்ளைகளுக்கு எழுதிக் குடுங்க. வாயால சொன்னா, நீங்க கார்புரேட்டர்ல ஆரம்பிச்சுக் கப்பலூர்ல போய் நிப்பீங்க. எங்கண்ணனுக்கும் ஒரு காப்பி போகணும்."

அதனால்தான் இந்தக் காகிதம். மாமாவுக்கும் ஒரு காப்பி போகிறது. அடுத்த விசேஷத்தில் அவர் என்னை ஓட்டுவார். ஓட்டட்டும்.

மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனேன். கரண்ட் ஹெலிகாப்டரைச் சாக்கின் மேல் வைத்தேன். பேட்டரியை மாட்டினேன். ஹோல்ட் சுவிட்சைப் போடவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ரிமோட்டைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இடது குச்சியில் விரலை வைத்து, பொட்டு வைப்பது போலக் கீழிருந்து மேலே இழுத்தேன். குச்சி மேலே போய் நின்றது. என் இடது மணிக்கட்டை, அந்த வெட்டுத் தழும்பு இருக்கும் பக்கம் கீழே வருமாறு, இறக்கையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இறக்கை அசையவில்லை.

குச்சியை இறக்கி, ரிமோட்டை அணைத்து, பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு மாடிக்குப் போய், கதவுக்குப் பின்னால் பெரியவளின் சைக்கிள் சாவி தொங்கும் ஆணியில், சட்டைப் பையில் இருந்த சாவியையும் மாட்டினேன்.